பேரைச் சரியாகத்தான் கொடுத்தேன்

பெரம்பலூர்
20-1-2024

அன்புள்ள அக்காவுக்கு வெற்றிச்செல்வி எழுதுவது.

பொங்கலுக்கு உன் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து சளி என்னை விட்டபாடில்லை. மற்றபடி நானும் அவரும் சுகம். சுவாதி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போனைப் படிக்கிறாள். பெரியம்மா கொடுத்த அதிரசம் தீர்ந்துவிட்டது என்று முதல் வரியிலேயே எழுதச் சொன்னாள், நான் நான்காவது வரியில் எழுதுகிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாமா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா?

போனில் பேசினால் உனக்குப் பாதிதான் கேட்கிறது. அந்தப் பாதியும் விக்கிரமங்கலம் தெரு முழுக்கக் கேட்கிறது. அதனால் நீ சொன்னபடி கடிதமே போடுகிறேன்.

புது வேலை என்ன என்று கேட்டாயே, கூட்டத்தில் சொல்ல முடியவில்லை. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் யார் யாருக்குப் புற்றுநோய் வந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பார்த்து, பெயர், வயது, ஊர், உடம்பில் எந்த இடம், என்ன வைத்தியம் எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நாடு முழுக்க இப்படி எடுக்கிற கணக்கை வைத்துத்தான் வருஷத்துக்கு எத்தனை பேர், இன்னும் இருபது வருஷத்தில் எத்தனை பேர் என்று கோடு போடுகிறார்கள். கோடு மேலேதான் போகிறது. ஒன்பது பேரில் ஒருவருக்கு ஆயுசில் என்றைக்காவது ஏதாவது ஒரு புற்றுநோய் வரலாம் என்கிறார்கள். பெண்களுக்கு முன்பெல்லாம் கருப்பை வாயில்தான் அதிகம், இப்போது மார்பு முந்திக்கொண்டது.

பெரிய தொல்லை எது தெரியுமா? பொய்ப்பெயர். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கும், வெளியே தெரிந்தால் போச்சு என்று நாத்தனார் பெயரையோ பக்கத்து வீட்டுக்காரி பெயரையோ கொடுத்துவிடுகிறார்கள். பாதியில் வைத்தியத்தை விட்டுவிட்டாளா, இருக்கிறாளா என்று தேடிப் போனால் ஆளே கிடைப்பதில்லை. போன வாரம் ஒருத்தியைத் தேடிப் போனேன். அந்தப் பெயர்க்காரி எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு கல்லு மாதிரி நிற்கிறாள். “எனக்கா சீக்கு? எவ சொன்னா?” என்று விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினேன்.

உன் தங்கை,
வெற்றி


விக்கிரமங்கலம்
4-2-2024

என் செல்லத் தங்கச்சிக்கு மலர்க்கொடி எழுதிக்கொள்வது.

சளிக்குத் தூதுவளை ரசம் வை. மாத்திரையை முழுங்கிவிட்டு அது கேட்கவில்லை என்று எனக்கு எழுதாதே. இங்கே உன் மாமாவுக்கு ஒரு குறையும் இல்லை, மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு நான்காவது வேளைக்கு என்ன என்று கேட்கிறார். என் முட்டி வழக்கம்போல உட்கார்ந்தால் எழவிடாது, எழுந்தால் உட்காரவிடாது.

நீ விளக்குமாற்றுக்குப் பயந்து ஓடியதை நினைத்து இரண்டு நாள் சிரித்தேன். சின்ன வயசில் கோழிக்குக் கூடப் பயந்து ஓடினவள்தானே நீ.

உன் ஒன்பதில் ஒருத்திக் கணக்கைப் பருத்தி எடுக்கப் போன இடத்தில் சொல்லித் தொலைத்தேன். எண்ணிப் பார்த்தால் அன்றைக்குச் சரியாக ஒன்பது பேர். அவ்வளவுதான், வேலை நின்றுபோனது. பக்கத்து வீட்டுச் செல்வம்மாள், “வெத்தல போடறவளுக்குத்தான்டி வரும்” என்றாள். வெற்றிலை போடுகிறவள், “வாய் ஓயாம பேசறவளுக்குத்தான் மொதல்ல வரும்” என்றாள். கடைசியில் காட்டுக்காரர் வரப்பில் வந்து நின்று, “அந்த ஒருத்தி யாருன்னு நாளைக்குப் பாத்துக்கலாம், இன்னிக்கு ஒம்போது பேரும் எடுங்கம்மா” என்றார்.

பொய்ப்பெயர் கொடுக்கிறவளுகளை நினைத்தால் கோபம்தான் வருகிறது. நோய் என்ன களவாடிக்கொண்டு வந்த பொருளா ஒளித்துவைக்க?

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். செல்வம்மாளுக்கு மார்பில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறதாம். கொஞ்சமும் வலி இல்லை. வலி இல்லை என்றால் ஒன்றும் இருக்காதுதானே? அவசரமில்லை, தோதுப்பட்டபோது எழுது. சுவாதிக்கு முத்தம்.

மலர்


பெரம்பலூர்
8-2-2024

அக்கா,

சளி, ரசம் எல்லாம் அப்புறம். வலி இல்லை என்பதால்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வலிக்காத கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும். செல்வம்மாள் வரமாட்டேன் என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திருச்சிக்குப் போ. பருத்தி இன்னும் இரண்டு நாள் செடியிலேயே இருக்கட்டும். சீக்கிரம் பார்த்துவிட்டால் நல்ல வைத்தியம் இருக்கிறது என்று அவளிடம் சொல். போய்விட்டு வந்து எழுது, உன் கடிதம் வரும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

வெற்றி


விக்கிரமங்கலம்
17-3-2024

அன்புத் தங்கச்சிக்கு,

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. நாங்கள் இருவரும் சுகம். தபால் போட ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று கோபித்துக்கொள்ளாதே, பருத்தி கடைசி எடுப்பு, அலைச்சல்.

செல்வம்மாள் விஷயம் நீ சொன்னபடி முடிந்தது. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். வைத்தியம் இருக்கிறது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து ஊசி ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். முதலில் கொஞ்சம் பயம்தான். இப்போது பரவாயில்லை. பயந்து என்ன ஆகப்போகிறது, நீயே சொல்.

சீட்டு எழுதும் இடத்தில் பேரைச் சரியாகத்தான் கொடுத்தது, வீட்டு நம்பர் முதற்கொண்டு. உன் வேலையைக் கெடுக்கவில்லை. அங்கே பதிந்த பெயர் உன் மேசைக்கு எப்போது வரும்? சும்மா கேட்டேன்.

சுவாதி பரீட்சை எப்படி எழுதுகிறாள்? மார்க்கு குறைந்தால் அடிக்காதே, நீ வாங்கிய மார்க்கு எனக்குத் தெரியும்.

மலர்


பெரம்பலூர்
24-3-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பது தெரிந்து சந்தோஷம். நீ ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறாய். செல்வம்மாளிடம் ஒரு ஊசியைக்கூட விடக்கூடாது என்று சொல். அவள் பெயர் இரண்டு மாதத்துக்குள் எங்களுக்கு வந்துவிடும். நான்தான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

இந்த வாரம் எங்களுக்குப் பயிற்சி. கோடு ஏன் மேலே போகிறது என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஜனங்கள் முன்பைவிட அதிக நாள் வாழ்கிறார்கள், வயசு ஏற ஏற நோயும் வருகிறது. புகையிலை ஒரு பக்கம். முன்பு என்ன நோய் என்றே தெரியாமல் செத்துப்போனவர்கள் இப்போது பரிசோதனைக்கு வந்து கணக்கில் ஏறுகிறார்கள், அது ஒரு பக்கம். இருபது வருஷம் கழித்து எத்தனை பேர் என்று சொல்வது ஜோசியம் இல்லையாம். இப்படியே போனால் இத்தனை பேர் என்று பார்த்து, எங்கே ஆஸ்பத்திரி கட்டுவது, எத்தனை மிஷின் வாங்குவது என்று முடிவு பண்ணத்தானாம்.

நானும் தேறிவிட்டேன் அக்கா. இவ்வளவு தாள் பார்த்தாயிற்று. இப்போதெல்லாம் ஒரு தாளைக் கையில் எடுத்ததுமே இவர் பிழைப்பார், இவர் தேறமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கள் ஆபீஸில் என்னைப் பாதி டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வெற்றி


விக்கிரமங்கலம்
5-5-2024

பாதி டாக்டரம்மாவுக்குப் படிக்காத அக்காள் எழுதுவது.

உடம்பு கொஞ்சம் அசதி, வெயில்தான் காரணம். மாமா நன்றாக இருக்கிறார், இப்போது சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். குழைந்துதான் போகிறது, குறை சொன்னால் நாளைக்கு வடிக்க மாட்டார் என்று சாப்பிடுகிறேன்.

செட்டிகுளம் மலை முருகனுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. போன வாரம் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். என்ன வேண்டுதல் என்று கேட்காதே, வெளியே சொன்னால் பலிக்காது. தலை சும்மா ஜில்லென்று இருக்கிறது. இந்தக் கோடைக்கு எல்லாரும் போட்டுக்கொள்ளலாம். தெருவில் யாரும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்கு முருகனைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவ்வளவு தூரம் வந்தும் பெரம்பலூரில் இறங்கவில்லை என்று மூஞ்சியைத் தூக்காதே. மாமாவுக்கு அவசரம்.

உனக்கு இப்போது ஆஸ்பத்திரி வேலை அதிகமா? போனால் நிதானமாகப் பார். அவசரப்பட்டு எதையும் தாண்டிவிடாதே. பார்த்ததும் எழுது.

மலர்


பெரம்பலூர்
30-5-2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? நன்றாகச் சாப்பிடுகிறாயா? தாமதத்துக்கு மன்னித்துக்கொள், வேலை.

மொட்டை மாடியில் வைத்த கத்தரிச்செடி காய்த்திருக்கிறது. நான்கு காய் பறித்தேன், இரண்டில் பூச்சி. மழை வரும் வரும் என்கிறார்கள், வரவில்லை. சுவாதி நல்ல மார்க்கு எடுத்துவிட்டாள், பதினொன்றாம் வகுப்புக்குப் புதுச் சீருடை தைக்கக் கொடுத்திருக்கிறது.

அக்கா, நீ ஒரு மாதம் இங்கே வந்து இரேன். பழச்சாறு, முட்டை எல்லாம் கொடுக்க ஆள் இருக்கிறது. மாமாவையும் கூட்டிக்கொண்டு வா. அல்லது நான் வரட்டுமா?

வேறு ஒன்றும் இல்லை.

வெற்றி


விக்கிரமங்கலம்
14-6-2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. வேறு ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். சரிம்மா, அதைப் படித்ததும் எனக்கும் மனசு ஒரு நிலைக்கு வந்துவிட்டது.

சுவாதி மார்க்கு எடுத்தது பெரிய சந்தோஷம். அம்மாவின் தோடு என்னிடம் இருக்கிறதல்லவா, அதை அவளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். இப்போதே வாங்கிக்கொண்டு போனாலும் சரி. வெள்ளாட்டை உன் மாமாவால் பார்த்துக்கொள்ள முடியாது, விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். அவருக்குச் சோறு இப்போது குழைவதில்லை.

நீ வர வேண்டாம், லீவு போட்டால் உன் மேடம் திட்டுவார்கள். நான் எங்கேயும் வருவதாக இல்லை, அலைந்தது போதும் என்று இருக்கிறது. கத்தரிச்செடிக்குச் சாம்பல் தூவு.

நீ நன்றாக இருக்க வேண்டும். கோபம் ஒன்றும் இல்லை உன் மேல்.

மலர்


அனுப்புநர்:
அ. வெற்றிச்செல்வி, களப் பதிவாளர், பெரம்பலூர்

பெறுநர்:
திருமதி பஞ்சவர்ணம், மேற்பார்வையாளர்

நாள்: 27-6-2024

அம்மையீர்,

பொருள்: ரகசிய உறுதிமொழியிலிருந்து ஒருமுறை விலக்கு வேண்டுதல் தொடர்பாக.

பதிவேட்டில் பார்க்கும் எதையும் வெளியாரிடமோ, உறவினரிடமோ, தானாகச் சொல்லாதவரை நோயாளியிடமோகூடப் பேசமாட்டேன் என்று பணியில் சேரும்போது கையெழுத்திட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு நம் பணியாளர் ஒருவர் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தம் நின்றதையும் அவரை வேலையிலிருந்து நீக்கியதையும் அறிவேன்.

மே 28 அன்று திருச்சியில் கோப்பு எடுக்கையில் என் உடன்பிறந்த அக்காள் மலர்க்கொடியின் தாள் என் கைக்கு வந்தது. மார்பில், இரண்டாம் நிலை. மூன்று ஊசி முடிந்திருந்தது. அவர் என்னிடம் சொல்லவில்லை. வைத்தியம் நடக்கிறதே, சொல்ல மனம் வரும்போது சொல்லட்டும் என்று நானும் வாய் திறக்கவில்லை. நேற்று மறுபடி பார்த்தேன். ஜூன் 10 அன்று நான்காவது ஊசிக்கு அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்ல ஒரே ஒருமுறை அனுமதி வேண்டும். மறுத்தாலும் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது மேடம். அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
அ. வெற்றிச்செல்வி

(அதே தாளின் அடியில், பச்சை மையில்)

வெற்றி, இதை நான் கோப்பில் வைக்கவில்லை, உன்னிடமே திருப்பித் தருகிறேன். அனுமதி கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பதிவேட்டில் பார்த்ததைச் சொல்லமாட்டேன் என்றுதான் நீ கையெழுத்துப் போட்டாய். அக்காவைப் போய்ப் பார்க்கமாட்டேன் என்று போடவில்லை. உனக்குக் கண் இருக்கிறது. பார், பார்த்ததைக் கேள். சனிக்கிழமை உனக்கு லீவு. – பஞ்சவர்ணம்


விக்கிரமங்கலம்
1-7-2024

என் தங்கமே,

முந்தாநாள் நீ பஸ் ஏறியதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் வீட்டுக்காரர் மாமாவுக்குப் போன் பண்ணினார்.

வாசலில் வந்து நின்று தண்ணீர்கூடக் குடிக்காமல் என் முகத்தையே பார்த்தாயே. “ஏங்க்கா, முருகனுக்குத் தலமுடியோட புருவத்தையுமா குடுத்துட்ட?” என்று கேட்டாய். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அது அழுகையாகப் போய்விட்டது. செல்வம்மாளுக்குக் கட்டி இல்லை, எனக்குத்தான் என்று அதற்குப் பிறகுதான் என் வாயில் வந்தது. மாமா மாட்டுக்கொட்டகைக்குப் போய் நின்றுகொண்டார். மூன்று ஊசியோடு விட்டுவிட்டேன் என்று நான் சொன்னதும், “ஏங்க்கா வுட்ட?” என்று கேட்டாய். அசதியாக இருந்தது என்று சொன்னேன். அது பொய். உண்மையை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

மார்ச்சில் சீட்டு எழுதுகிற பெண் என் பெயரைக் கேட்டாள். மாமா, “வேற பேரு சொல்லிடு, வெற்றி காதுல விழுந்தா தாங்கமாட்டா” என்று காதைக் கடித்தார். நான்தான் மலர்க்கொடி, கணவர் அரியமுத்து, விக்கிரமங்கலம் என்று சத்தமாகச் சொன்னேன். உனக்காகத்தான் சொன்னேன். உனக்கு எழுத மூன்று தாள் கிழித்தேன், கை வரவில்லை. என்னைப் பற்றி எதையும் உன்னிடம் நான் சொன்னதே இல்லை, நீயே கண்டுபிடித்துத் திட்டுவாய், அதுதான் நமக்குப் பழக்கம். இதையும் நீ உன் பதிவேட்டில் பார்த்துக்கொள்வாய், பார்த்ததும் திட்டி எழுதுவாய் என்று இருந்தேன். என்னைப் பொறுத்தவரை உனக்கு அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் என்றாய். நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். மே கடைசியில் கடிதம் வந்தது. கத்தரிக்காயில் பூச்சி என்றிருந்தது. சாப்பிடுகிறாயா, வந்து இரு என்று நீ எழுதிய விதத்திலேயே தாளைப் பார்த்துவிட்டாய் என்று தெரிந்தது. தாளைப் பார்த்ததும் யார் தேறமாட்டார் என்று தெரிந்துவிடும் என எழுதியவள் நீ. பார்த்துவிட்டு ஒரு வார்த்தை எழுதவில்லை, வேறு ஒன்றும் இல்லை என்று முடித்துவிட்டாய். எழுத ஒன்றும் இல்லாமல் போய்விட்டது, அதை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். என் கணக்கு முடிந்தது என்பதுதான் உன் பதில் என்று நினைத்தேன். பிறகு எதற்கு அந்த ஊசி, அந்த வாந்தி? மாமாவிடம் டாக்டர் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது சொல். நீ அந்தத் தாளில் என்ன பார்த்தாய்?

மலர்


பெரம்பலூர்
4-7-2024

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸில் பிரித்தேன். மேடம் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்தத் தாளில் உன் பெயரைப் பார்த்தேன். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. எழுத்தெல்லாம் கலங்கிப்போனது, பக்கத்தில் இருந்தவர் படிக்கப் படிக்க நான் எழுதினேன். இருபது தாளோடு அதையும் ஏற்றினேன்.

நான் எழுதாமல் இருந்ததற்கு நீ நினைத்த அர்த்தம் இல்லை. பதிவேட்டில் பார்த்ததை நோயாளியிடமேகூடப் பேசக்கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதை உன்னிடம் முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. நீ சொல்வாய் என்று நான் காத்திருந்தேன். நீ சொல்லிவிட்டுக் காத்திருந்திருக்கிறாய். அதற்குள் ஒரு மாதம் போய்விட்டது.

தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று எழுதினேனே, அது பெருமைக்கு எழுதியது. என்னை மன்னித்துவிடு அக்கா. இந்த வருஷம் எத்தனை ஆயிரம் பேருக்கு வரும், இருபது வருஷம் கழித்து எத்தனை ஆயிரம் என்று எங்கள் கணக்கு சொல்லும். அந்த ஆயிரத்தில் நீ எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரியாததால்தான் ஊசியே போடுகிறார்கள்.

சனிக்கிழமை நீ கொடுத்தனுப்பிய ஆஸ்பத்திரிச் சீட்டோடு நேற்று டாக்டரைப் போய்ப் பார்த்தேன். விட்டது தப்பு என்று திட்டினார், உன் பங்குக்கும் சேர்த்து நானே வாங்கிக்கொண்டேன். இப்போதாவது வரட்டும், மறுபடி பார்த்துவிட்டு நான்காவதைத் தொடங்கலாம் என்றார். நல்லபடியாக ஆகும் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். அப்படி யாருக்கும் எழுதித் தர முடியாதும்மா, ஆனால் இவங்க வரணும் என்றார்.

வியாழக்கிழமை பதினோராம் தேதி. புதன்கிழமை சாயங்காலமே நான் அங்கே வந்துவிடுகிறேன். மாமாவைச் சோறு வடித்து வைக்கச் சொல். காலையில் முதல் பஸ்ஸுக்கு மூன்று பேரும் போகிறோம்.

பயமாகத்தான் இருக்கிறது. நீ எனக்கு வேண்டும் அக்கா. என் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை என்றால், அது எனக்குச் சொல்ல வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். உடனே என்னைக் கேள். கேட்காமல் நீயாக எதையும் முடிவு பண்ணாதே.

உன்,
வெற்றி